சித்திரை வரை தகரம் தாங்கவேண்டும்: பழைய லாரிக்குத் தற்காலிக பெயிண்ட், அறிகுறி பார்த்து

டெல்டாவில் சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியை டிங்கரிங் பட்டறையில் விட்டுவிட்டு இருக்க முடிகிற மாதங்கள் சித்திரையும் வைகாசியும்தான். தை, மாசியில் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்ற வண்டி ஓடியே ஆகவேண்டும், பங்குனி வரை அது இழுக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்துவிட்டால் குறுவைக்கு விதை, உரம் என்று மறுபடி ஓட்டம். ஆனால் துரு கண்ணில் படுவது என்னவோ புரட்டாசியில்தான், மழைக்கு முன்னால் வண்டியைக் கழுவித் துடைக்கும்போது. அந்த நேரத்தில் பட்டறையிலும் இடம் இருக்காது, கையிலும் காசு இருக்காது.

அந்தப் புரட்டாசியிலிருந்து சித்திரை வரை தகரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் தற்காலிக பெயிண்டின் வேலை. நிறம் பொருந்துகிறதா, பளபளக்கிறதா என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை. எந்த பெயிண்டைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். தண்ணீரையும் உப்பையும் தகரத்திடம் அண்டவிடாமல் தடுக்கிறதா? சித்திரையில் டிங்கர் அதைச் சுரண்டி எடுக்க எவ்வளவு பாடுபடவேண்டியிருக்கும்? முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்காமல் விடுவதால்தான் பல வண்டிகளில் துரு வேலையைவிட, மேலே அப்பியதை எடுக்கிற வேலை பெரிதாகிவிடுகிறது.

டாடா 407, பழைய பிக்கப், மரப்பலகை பாடி கட்டிய லாரி மாதிரியான வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டவேண்டாம்.

துருவில் ஸ்குரூடிரைவர் இறங்குகிறது

பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பழைய ஸ்குரூடிரைவரையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வாருங்கள். துரு தெரிகிற இடத்தை எல்லாம் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்துப்போனது மொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள்.

கதவு அடி, மட்கார்டு, கேபின் ஓரம் ஆகிய இடங்களில் முனை உள்ளே போனால் பதற வேண்டாம், அதற்கு வழி கீழே இருக்கிறது. சேஸ், கமான் பட்டையைத் தாங்கும் பிராக்கெட், கேபினைச் சேஸோடு பிடித்திருக்கும் மவுண்டிங், ஸ்டீயரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் இடம், இவற்றில் எதிலாவது இறங்கினால் அங்கே பெயிண்ட் பேச்சே கிடையாது. பிரேக் பைப்பில் துரு செதில் செதிலாக வந்தாலும் அப்படித்தான். வண்டியை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யவேண்டும், சீசன் பாதியில் நின்றாலும் சரி. அந்த இடத்தில் ரெட் ஆக்சைடை அடித்துவிட்டால் விரிசல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

பானெட்டிலும் கேபின் கூரையிலும் ஆரஞ்சுப் பொடி, தொட்டால் கையில் ஒட்டுகிறது

இருப்பதிலேயே லேசான கேஸ் இதுதான். வெயிலில் பெயிண்ட் தேய்ந்து, தகரம் வெளியே வந்து, மேலோட்டமாகத் துரு பூத்திருக்கிறது. தகரம் இன்னும் கெட்டிதான்.

80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180-ல் முடியுங்கள். சுற்றியுள்ள பழைய பெயிண்டையும் சேர்த்துத் தேய்க்கவேண்டியிருக்கும், அதை மட்டும் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கவேண்டும். பழைய மஞ்சள், சிவப்பு, பச்சை பெயிண்டுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு பெயிண்டுக்கே 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற ஈய வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய லாரியின் பெயிண்ட் தூள் காற்றில் பறந்து வாசலில் விளையாடுகிற பிள்ளைகள் மூக்கில் போகக்கூடாது. ஈரத்தில் தேய்த்ததும் உடனே துடைத்து வெயிலில் காயவிடுங்கள். விட்டால் அரை மணியில் மறுபடி சிவக்கும்.

இனி எதை அடிப்பது? டெல்டாவில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பது ரெட் ஆக்சைடு பிரைமரும் எனாமலும். பிரஷ் போதும், கம்பிரசர் வேண்டாம். ரெட் ஆக்சைடு இரண்டு கோட், நடுவில் ஓர் இரவு இடைவெளி. அதன்மேல் எனாமல் மெல்லிசாக இரண்டு கோட். இங்கேதான் பலர் பாதியில் நிறுத்துகிறார்கள். "தற்காலிகம்தானே, ரெட் ஆக்சைடு மட்டும் போதும்" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிரைமர் என்பது அடுத்த கோட் பிடிப்பதற்காகச் செய்தது. அதற்குள் நுண்ணிய துளைகள் உண்டு, தண்ணீர் மெதுவாக இறங்கும். பாதியில் நின்ற வீட்டின் ஜன்னல் கிரில் ஒரு மழைக்காலம் ரெட் ஆக்சைடோடு மட்டும் நின்றால் எப்படி ஆகும் என்பதை ஊரில் பார்க்காதவர் இல்லை. கேபினுக்கும் அதே கதிதான்.

இரண்டாவது வழி எபாக்ஸி பிரைமர். இரண்டு டப்பாவாக வரும், கலந்தால்தான் இறுகும். கலக்கும் அளவு டப்பாவுக்கு டப்பா மாறும், போட்டிருக்கிறபடியே கலக்கவேண்டும், கண்மதிப்பில் ஊற்றக்கூடாது. கலந்த பிறகு சில மணி நேரத்தில் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும், அதனால் தேவைக்கு மட்டும் கலக்குங்கள். பிரஷ்ஷிலோ ரோலரிலோ அடிக்கலாம். ரெட் ஆக்சைடைப்போல தண்ணீரை உள்ளே விடாது, தனியாகவே நிற்கும். சித்திரையில் நன்றாக ஒட்டியிருக்கும் இடத்தில் லேசாகத் தேய்த்துவிட்டு அதன்மேலேயே பள்ளம் நிரப்பும் பட்டி போடலாம், 2கே பெயிண்டும் (ஹார்டனர் கலந்து பட்டறையில் அடிப்பது) அடிக்கலாம். குறை என்னவென்றால் வெயில் ஆகாது. மாதக்கணக்கில் வெயில் பட்டால் மேலே மாவு பூக்கும், ஆறு மாதத்துக்கு அது பெரிய பாதிப்பில்லை. இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு சிலருக்கு ஒவ்வாமையாகிவிடும், கையுறை கட்டாயம். விலையும் கூடுதல்தான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் கேபின் முழுவதையும் 2கே-யில் அடிக்கப்போகிறீர்கள் என்றால் இப்போது எபாக்ஸி. அப்போதும் எனாமல்தான் என்றால் இப்போது ரெட் ஆக்சைடும் எனாமலும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பது "சுருங்குகிறது" என்ற பகுதியில் இருக்கிறது.

ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு மேல் போகாத சின்னச் சின்னத் திட்டுகள் என்றால் ஸ்பிரே கேன் போதும். தகரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு நான்கைந்து முறை லேசாக அடியுங்கள். பெரும்பாலும் தின்னரில் கரைகிற சரக்குதான் அது, பின்னால் துணியாலேயே துடைத்து எடுத்துவிடலாம்.

தேய்த்து அடித்தாயிற்று, ஒரே மாதத்தில் அதே இடத்தில் பழுப்புப் புள்ளி

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் ஓடும் வண்டிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பெயிண்ட் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. பெயிண்டுக்கு அடியில் உப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது.

துரு பிடித்த தகரத்தை உற்றுப் பார்த்தால் ஊசி முனை அளவு குழிகள் தெரியும். உப்பு அந்தக் குழிகளின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். வயர் பிரஷ் போட்டால் மேலே உள்ள துரு வழுவழுவென்று கறுத்து மின்னும், பார்ப்பதற்குச் சுத்தமான இரும்பு மாதிரியே இருக்கும். குழிக்குள் ஒன்றும் போயிருக்காது. அதன்மேல் பெயிண்டை அடித்தால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளே தன் வேலையைத் தொடரும்.

இந்த உப்பு கடல் காற்றில் மட்டும் வருவதில்லை. மீன் லோடில் ஐஸ் கரைந்து வடிகிற தண்ணீர், வேதாரண்யத்து உப்பு லோடு, இரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. பொட்டாஷ் மூட்டையைத்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. நாம் வயலுக்குப் போடும் பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பில் இரும்பை அரிக்கிற அதே குளோரைடு அதிலும் இருக்கிறது. மூட்டை கிழிந்து பலகை இடுக்கில் சிந்தியது அங்கேயே கரைந்து அடியில் இறங்குகிறது.

அதனால் வேலையின் வரிசையை மாற்றவேண்டும். கழுவு, தேய், மறுபடி கழுவு, காயவை, அப்புறம்தான் பிரைமர். முதலில் துருச் செதிலைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு நைலான் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் 80 நம்பர் தாளால் குழிவரை தேயுங்கள். மறுபடி நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். ஓர் இரவு கூரைக்குள் நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். மற்ற இடம் லேசாகச் சிவந்திருக்க, சில புள்ளிகள் மட்டும் ஆழ்ந்த பழுப்பில் ஈரமாக நின்றால் உப்பு இன்னும் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடங்களை மட்டும் மறுபடி கழுவித் தேய்த்தால் போதும்.

கழுவுகிற தண்ணீரும் முக்கியம். கடலோர ஊர்களில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அதில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசுகிறோம். கடைசி அலசலுக்காவது மழைத்தண்ணீரையோ குடிக்கிற தண்ணீரையோ பயன்படுத்துங்கள். புரட்டாசியில் ஒரு மழைக்கு இரண்டு டிரம் பிடித்து வைத்தால் கேபின் முழுவதற்கும் காணும்.

டைல்ஸ் கழுவுகிற ஆசிட்டைத் துரு எடுக்க ஊற்றுகிறார்கள். நுரைத்துக்கொண்டு துரு போவது கண்ணுக்குத் தெரியும், அதனால் நம்பிக்கை வந்துவிடுகிறது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், குளோரைடை மடிப்புக்குள் விட்டுவிட்டுப் போகும். தயவுசெய்து வண்டியில் அதைத் தொடவேண்டாம்.

தேய்க்கவே முடியாத மூலைகளுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் உதவும். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ அதில் இருக்கும், துருவைக் கறுத்த படலமாக மாற்றும். கடுக்காய்த் தண்ணீர் இரும்புச் சட்டியில் பட்டுக் கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு டானிக் அமில வேலை புதிதாக இருக்காது. ஆனால் உதிரும் துருமேல் அடித்தால் மேல்தோல் மட்டும்தான் மாறும். எபாக்ஸி அடிக்கப்போகும் இடத்தில் கன்வர்ட்டர் வேண்டாம், அமில மிச்சம் இருந்தால் எபாக்ஸி சரியாக ஒட்டாது.

பெயிண்டில் கொப்புளம்

கொப்புளத்தை நகத்தால் கிழித்து உள்ளே பாருங்கள். அதில்தான் விடை இருக்கிறது.

உள்ளே பழுப்புத் தூளும் கறுத்த இரும்பும் இருந்தால் துரு உள்ளிருந்து ஊதியிருக்கிறது. துருவானது அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் பெயிண்டைத் தூக்கிவிடும். கதவின் கீழ்மடிப்பிலும் சக்கர வளைவின் விளிம்பிலும் கொப்புளம் வந்தால் பெரும்பாலும் தகரத்தின் மறுபக்கத்திலிருந்து அரித்து வந்திருக்கிறது. வெளியே எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. உள்பக்கத்தைப் பார்க்கவேண்டும், அது ஓட்டைப் பகுதியில் வருகிறது.

உள்ளே சுத்தமான பழைய பெயிண்டோ பிரைமரோ, கூடவே ஒரு சொட்டு ஈரமோ இருந்தால் அது நீங்கள் அடித்த கோட்டின் கோளாறு. ஈரத்தின்மேல் அடித்திருக்கிறீர்கள், அல்லது கழுவாமல் அடித்திருக்கிறீர்கள். மார்கழியில் தகரம் காலை ஒன்பது மணிவரை வியர்த்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். பெயிண்ட் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: தகரத்தின் சூடு, பனி இறங்குகிற வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்கவேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கருவி இல்லாதவர்கள் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை மூன்று மணிக்கு முடித்துவிடுங்கள். மூன்றுக்கு மேல் அடித்தது மேலே தோல் கட்டுவதற்குள் பனி இறங்கிவிடும்.

கொப்புளத்தின் அடியில் வெளிர் நிறத்தில் பட்டி தெரிந்தால் அது பழைய பட்டி தண்ணீர் குடித்து ஊதியது. அந்தப் பட்டி முழுவதையும் தோண்டி எடுத்துவிட்டுத் தகரத்துக்கு நேராக பிரைமர் அடியுங்கள். பள்ளம் பள்ளமாகவே இருக்கட்டும். தற்காலிக வேலையில் பட்டிக்கு இடமே இல்லை. துருமேல் பட்டி போடுவது ஈரத்தைத் தகரத்தோடு கட்டிவைப்பதுதான்.

அடிக்கும்போதே சுருங்கிச் சுருக்கம் விழுகிறது

பழைய எனாமல்மேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ், தின்னரில் கரைகிற வகை) பெயிண்டோ 2கே-யோ அடித்திருக்கிறீர்கள். அவற்றின் தின்னர் காரமானது, அடியிலுள்ள எனாமலை ஊறவைத்துத் தூக்கிவிடும். எனாமல் அடித்து ஆறு மாதம் ஆனாலும் இது நடக்கும்.

அடிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறது. துணியில் என்.சி. தின்னரை நனைத்து, மறைவான இடத்தில் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் துணியில் இறங்கி வந்தால் கீழே இருப்பது என்.சி. ஊதிச் சுருங்கினால் எனாமல். ஒன்றும் ஆகாமல் பளபளப்பு அப்படியே இருந்தால் 2கே. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த டப்பாவையும் திறக்கவேண்டாம்.

இப்போது சுருங்கிவிட்டது என்றால் மேலே அடுத்த கோட் போட்டு மறைக்க முடியாது. காயவிட்டு, சுருங்கிய இடம் முழுவதையும் தகரம் வரை எடுக்கவேண்டும். சித்திரையில் இதே வேலை முழு கேபினுக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இப்போதைய தேர்வு முக்கியம் என்கிறேன். இப்போது எனாமல் அடித்தவர் அப்போது 2கே கேட்டால், டிங்கர் ஒவ்வோர் அங்குலமும் எனாமலை உரிக்கவேண்டும். அந்தக் கூலியை வைத்துப் பார்த்தால் எபாக்ஸியின் விலை கூடுதலாகத் தெரியாது.

இன்னொன்று. 2கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரேயில் அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு விடாது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது அதைத் தடுக்காது. வீட்டு வாசலில் தற்காலிகமாக 2கே ஸ்பிரே செய்கிற யோசனையை விட்டுவிடுங்கள், அது பட்டறைக்கான வேலை.

தோல் தோலாக உரிகிறது

பளபளப்பான பழைய பெயிண்டைத் தேய்க்காமல் அதன்மேல் அடித்தால் இப்படித்தான் ஆகும். 180 நம்பர் தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்துத்தான் அடிக்கவேண்டும். மீதி இருப்பது நிற்குமா என்று தெரியவேண்டுமானால் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, அதன்மேல் செல்லோ டேப் ஒட்டிச் சடாரென்று இழுங்கள். டேப்போடு துண்டுகள் வந்தால் அந்தப் பரப்பு முழுவதையும் எடுக்கவேண்டும்.

இரண்டு நாளாகியும் பிசுபிசுப்பு. அல்லது வெள்ளையாகப் பூக்கிறது

எனாமல் பிசுபிசுத்தால் கனமாக அடித்திருக்கிறீர்கள், மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாக நிற்கிறது. வெயிலில் நிறுத்திக் காத்திருங்கள், ஒரு வாரத்திலும் இறுகாவிட்டால் சுரண்டிவிட்டு மெல்லிசாக அடியுங்கள். எபாக்ஸி பிசுபிசுத்தால் கலவை விகிதம் தவறு, காத்திருந்து பயனில்லை, எடுத்துவிடுங்கள். என்.சி. வெள்ளையாகப் பூப்பது ஐப்பசி ஈரக்காற்றால். காய்ந்த நாளில் மேலே லேசாகத் தின்னரை மட்டும் தூவினால் பெரும்பாலும் சரியாகும்.

பெயிண்ட் வட்டம் வட்டமாக விலகிக் குழி விழுந்தால் அங்கே சிலிக்கான் பட்டிருக்கிறது. டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ், சிலிக்கான் சீலன்ட் இவற்றில் ஏதோ ஒன்று. துருவை மறைக்கச் சிலிக்கான் சீலன்ட் அடைப்பவர்கள் கவனிக்கவேண்டும், சித்திரையில் அந்த இடத்தில் எந்த பெயிண்டும் நிற்காது.

கதவு அடியில், கேபின் தரையில் ஓட்டை

கதவில் தொடங்குவோம். கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறக் கதவின் அடி மடிப்பில் சின்னத் துளைகள் உண்டு. நெல் ஏற்றும் வண்டியில் அவை கட்டாயம் அடைத்திருக்கும். சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டுக் கிளறுங்கள். கறுத்த சேறாக உமியும் வைக்கோல் தூசும் வரும், சில வண்டிகளில் முளைவிட்ட நெல்லே வரும். அந்தச் சேறு வருஷம் பூராவும் ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்து கதவைத் தின்றுகொண்டிருந்தது. வேறு எந்த வேலையும் செய்யாவிட்டாலும் இந்தத் துளைகளை மட்டும் திறந்துவிடுங்கள், அரிப்பு நன்றாகக் குறையும்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, சேற்றைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, உள்மடிப்பில் மெழுகு வகை கேவிட்டி ஸ்பிரேயை அடியுங்கள். மடிப்புக்குள் தேய்க்க முடியாத இடத்தில் பெயிண்டைவிட மெழுகு நல்லது, இடுக்குகளில் ஊறிப்போகும். துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டையை என்ன செய்வது? எம்சீல், பட்டி, சிமெண்ட், பைபர் என்று திணிப்பதை விடுங்கள். எல்லாமே பின்னால் ஈரத்தைப் பிடிக்கும், ஓட்டை உள்ளுக்குள் வளரும். டிங்கர் அந்த இடத்தை வெட்டித்தான் வெல்டிங் செய்யப்போகிறார், அவருக்கு வேண்டியது சுத்தமான விளிம்பு. உதிர்வதை உதிர்த்துவிட்டு விளிம்புக்கு மெல்லிசாக ரெட் ஆக்சைடு அடித்து, கதவென்றால் மேலே பியூட்டைல் பசை உள்ள அலுமினிய டேப்பை ஒட்டுங்கள். தண்ணீர் கீழே வடிய வழி இருக்கவேண்டும்.

கேபின் தரையில் ஓட்டை என்றால் கதை வேறு. கீழே சைலன்சர் புகை வருகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி, மயக்கம் என்றுதான் காட்டும். ஜன்னலை ஏற்றிக்கொண்டு மழையில் ஓட்டும்போது ஆபத்து. இங்கே டேப் போதாது. ஒரு தகரத் துண்டை வெட்டி இரண்டு பக்கமும் பிரைமர் அடித்து, ஓரத்தில் பியூட்டைல் டேப் வைத்து, பாப் ரிவெட்டால் பிடிக்கவையுங்கள். ரிவெட் துளை போட்ட விளிம்புகளுக்கும் பிரைமர் தொட்டுவிடுங்கள். தரையில் விரித்த ரப்பர் மேட்டுக்கு அடியில் சாக்கு இருந்தால் அதை எடுத்து எறியுங்கள், தரை அரித்ததே அதனால்தான்.

பிளாட்பாரத்துக்கு அடியில் குறுக்குச் சட்டம் செதில் விடுகிறது

மரப்பலகை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்புச் சட்டத்தோடு ஒட்டியே கிடக்கும். பலகையைக் கழற்றாமல் நடுவில் பெயிண்ட் போகாது. இரண்டு மூன்று பலகையையாவது கழற்றி, சட்டத்தின் மேல்முகத்தைத் தேய்த்துக் கழுவி எபாக்ஸி அடியுங்கள். நல்ல சரக்கைச் செலவழிக்கத் தகுந்த இடம் இது. பக்கவாட்டுக்கும் அடிமுகத்துக்கும் ரெட் ஆக்சைடும் எனாமலும் போதும்.

தளத்தின் மேல்முகம் இரும்புத் தகடாக இருந்தால் அங்கே பெயிண்டுக்குச் செலவழிக்கவேண்டாம். மூட்டை இழுப்பதில் எந்த பெயிண்டும் ஒரு வாரம் நிற்காது. உரம் ஏற்றும்போது தார்ப்பாய் விரித்து, இறக்கியதும் அன்றே கழுவிவிட்டால் அதுவே பாதுகாப்பு. நெல்லும் அரிசியும் கொட்டுகிற தளத்தில் தார் பெயிண்ட் கூடவே கூடாது.

சேஸிலும் அடிப்பக்கத்திலும் மேலோட்டத் துரு

சுத்தியல் சோதனையில் தேறிய சேஸுக்குத்தான் இது. வேஸ்ட் ஆயில் அடிக்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. துருவை அது தள்ளிப்போடுவது உண்மைதான். ஆனால் மழையில் வடிந்து வாய்க்காலில் இறங்கும். பழைய இன்ஜின் ஆயிலில் புற்றுநோய் தரும் பொருட்கள் இருக்கின்றன, அதை நெல்வயல் ஓரம் சொட்டவிடக்கூடாது. கமான் பட்டை புஷ், பிரேக் ஹோஸ் போன்ற ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும். வெல்டிங் வைக்கும்போது தீப்பிடிக்கும். வேண்டாம்.

தார் வகை அண்டர்கோட்டிங் நல்ல பொருள், சுத்தமான காய்ந்த இரும்புமேல் அடித்தால். செதில் துருமேல் அடித்தால் மேலே கறுகறுவென்று பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே இரண்டு வருஷத்தில் ஒன்றும் மிஞ்சாது. வெட்டி வெல்டிங் செய்யவேண்டிய இடத்தைச் சுற்றி ஓர் அடிக்குத் தார் படவே கூடாது, புகையும், உருகும், பற்றிக்கொள்ளும். அங்கே ரெட் ஆக்சைடு ஒரு கோட் மட்டும் போதும், கிரைண்டரில் நிமிடத்தில் போய்விடும். சைலன்சர், பிரேக் டிரம், புரொப்பெல்லர் ஷாப்ட், ரப்பர் ஹோஸ் எதிலும் எதையும் அடிக்கவேண்டாம்.

ஜிங்க் பிரைமரைக் கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். துத்தநாகம் வேலை செய்யவேண்டுமானால் அது வெறும் இரும்பைத் தொட்டாகவேண்டும், துருமேல் அடித்த ஜிங்க் வெறும் சாம்பல் நிறம்தான். அதன்மேல் வெல்டிங் வைக்கும் புகையும் காய்ச்சலைக் கொண்டுவரும்.

எப்.சி. நாள் நெருங்குகிறது, வண்டி திட்டுத் திட்டாக இருக்கிறது

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. தற்காலிக மேல்கோட்டை ஆர்.சி.-யில் (பதிவுச் சான்றில்) இருக்கிற நிறத்துக்குப் பக்கமாகவே வாங்கிவிடுங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று மிலிட்டரிப் பச்சை வாங்கவேண்டாம். ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் அடிக்கக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. பிரதிபலிக்கும் டேப்பின்மேல் பிரஷ் படாமல் மறைத்துக்கொள்ளுங்கள்.

சேஸில் கொத்தியிருக்கும் நம்பர்மேல் பெயிண்டை அப்பிவிட்டால் பென்சில் பிரிண்ட் (தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது) எடுக்க முடியாமல் அலையவேண்டியிருக்கும். அந்த இடத்தை லேசாகத் தேய்த்துக் கிரீஸ் தடவி, மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டிவிடுங்கள்.

எந்த இடத்தில் எதை அடித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி ஆர்.சி. கவரிலேயே வையுங்கள். கூரை எபாக்ஸி, மட்கார்டு எனாமல், கதவுக்குள் மெழுகு என்ற அளவுக்கு இருந்தால் போதும். கதவுக்குள் மெழுகு இருப்பது டிங்கருக்கு வெல்டிங் பற்றவைப்பதற்கு முன்னால் தெரியவேண்டும், இல்லாவிட்டால் கதவுக்குள் தீ பிடிக்கும்.